வரும் வினாவும் வாரா வினாவும்

பரீட்சை அண்மிக்கும் காலத்தில் ஓர் ஊரின் முகமே மாறிவிடுகின்றது. விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவிலிருந்து அம்பாறை நோக்கிச் செல்லும் சாலையிலே, பச்சை வயல்களின் நடுவே அமைந்த சம்மாந்துறையும் இதற்கு விலக்கன்று. மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பும் இளைஞர்கள் வழமைபோல் சந்தியில் நின்று கதைப்பதில்லை. வீடுகளில் விளக்குகள் நெடுநேரம் எரிகின்றன. உம்மாமார் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, ஓசைபடாமல் நடமாடுகின்றனர். வாப்பாமாரும் வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொள்கின்றனர்.

இக்காலத்தில் மாணாக்கர் இருவர் சந்தித்தால் முதலிற் பிறக்கும் கேள்வி ஒன்றே. “மச்சான், என்ன வரும்?”

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு படிக்கும் பிள்ளைகளிடையே இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகின்றது. 11 ஆம் தரத்து வரலாற்றிலே அமெரிக்க சுதந்திரப் போர், பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி ஆகிய மூன்றும் அருகருகே அமைந்துள்ளன. “சென்ற முறை பிரான்சு வந்துவிட்டது, ஆகவே இம்முறை அமெரிக்காதான்” என்பான் ஒருவன். “இல்லை, ரஷ்யா வந்து நெடுநாளாயிற்று” என்பான் மற்றவன். “எங்கள் சேர் அமெரிக்காவுக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார்” என்று மூன்றாமவன் கூறியதும் வழக்கு முடிந்துவிடுகின்றது. அன்றிரவு மூவரும் அமெரிக்காவை மனனஞ் செய்வர். ரஷ்யா புத்தகத்திலேயே உறங்கும்.

வகுப்பறையில் நெடுங்காலம் நின்று பழகிய நாம் இதனைக் கண்டு சினங்கொள்வதில்லை. எதிர்வருவதை ஊகித்தல் மனித இயல்பு. சம்மாந்துறை வட்டைகளில் வெள்ளாமை செய்யும் கமக்காரரும் மாரியை எதிர்பார்த்தே விதைக்கின்றனர். காற்றையும் மேகத்தையும் பார்த்து, “இம்முறை மழை முந்தும்” என்றோ “பிந்தும்” என்றோ சொல்லிக்கொள்கின்றனர். ஆயினும் மழை பிந்துமென்று கருதிய எவரும் வரம்பு கட்டாது விடுவதில்லை. வாய்க்காலைத் துப்புரவு செய்யாதிருப்பதுமில்லை. அவர்களுடைய ஊகம் வேலைக்குத் துணையாகின்றது. நம் மாணாக்கரிடமோ அது வேலைக்குப் பதிலாக வந்து அமர்ந்துகொள்கின்றது. கேடு விளைவது இவ்விடத்திலேதான்.

கணக்கு என்ன சொல்கின்றது?

ஊகத்தை நம்பிப் பாடத்தைக் குறைக்கும் மாணவனின் நிலையைச் சிறிதொரு கணக்கினால் விளக்கலாம். ஒரு பாடத்திலே 10 தலைப்புகள் உள்ளன என்றும், அவற்றுள் 4 தலைப்புகளிலிருந்து வினாக்கள் வருகின்றன என்றும், மாணவன் 2 வினாக்களுக்கு விடை எழுதவேண்டும் என்றும் கொள்வோம். 10 தலைப்புகளிலிருந்து 4 தலைப்புகளைத் தெரிவதற்கு 210 வழிகள் உண்டு.

நம் மாணவன் 4 தலைப்புகளை மட்டும் படித்துச் செல்கின்றான். அந்த 210 வழிகளுள், அவன் படித்த நான்கும் அப்படியே வருவது 1 வழியில் மட்டுமே. ஒன்றுமே வாராதிருப்பது 15 வழிகளில். ஒன்று மட்டும் வந்து இரண்டாவது வினாவுக்கு அவன் திண்டாடுவது 80 வழிகளில். ஆகவே 210 இல் 95 தடவை, ஏறக்குறைய இரண்டு முறைக்கு ஒரு முறை, அவன் தேவையான இரண்டு வினாக்களை எழுத இயலாமற் போவான்.

அவனே 7 தலைப்புகளைப் படித்திருந்தால் நிலை என்ன? இரண்டு வினாக்கள் கிட்டாமற் போவது 210 இல் 7 தடவை மட்டுமே. மேலதிகமாகப் படித்தவை மூன்று தலைப்புகள். 95 என்ற அபாயமோ 7 ஆகச் சுருங்கிவிட்டது. மூன்று தலைப்புகளைப் படிக்கச் சில இரவுகள் போதும். அந்தச் சில இரவுகளை ஊக ஆராய்ச்சியிற் கழிப்பது எத்துணை நட்டமான வியாபாரம் என்பதைக் கணித ஆசிரியரின் துணையின்றியே எவரும் உணரலாம்.

“வினா தயாரிப்போர் சீட்டுக் குலுக்கியா தலைப்பை எடுக்கின்றனர்? அவர்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டன்றோ?” என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கடந்தகால வினாத்தாள்கள் மாணவன் கையில் இருப்பதுபோலவே வினா தயாரிப்போர் கையிலும் இருக்கின்றன. மாணவர் எந்த முறைப்படி ஊகிப்பர் என்பதை அவர்களும் அறிவர். மேலும், தலைப்பைச் சரியாக ஊகித்தவனும் வினாவை ஊகித்தவனாகான். அமெரிக்க சுதந்திரப் போருக்கான காரணங்களை ஒருவன் நெட்டுருச் செய்து செல்கின்றான். வினாத்தாளோ அப்போரின் விளைவுகளைக் கேட்கின்றது. அமெரிக்கா வந்தது, ஆனால் அவன் படித்த அமெரிக்கா வரவில்லை. அவனோ காரணங்களையே விளைவுகள்போல எழுதிவைத்துவிட்டு வருகின்றான். இத்தகைய விடைத்தாள்களை நாம் பலமுறை திருத்தியிருக்கின்றோம்.

பழைய நோய்

இப்பழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. சீன தேசத்திலே அரச உத்தியோகத்துக்கு ஆட்களைத் தெரிவதற்கு நூற்றாண்டுகளாகக் கட்டுரைப் பரீட்சைகள் நடைபெற்றன. மாதிரிக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டு விற்கும் வியாபாரமும் அங்கே கொழித்தது. 1613 இல் பிறந்து 1682 இல் மறைந்த கூ யன்வூ என்னும் சீனப் பேரறிஞர் இவ்வழக்கத்தைக் கடிந்து எழுதினார். செல்வக் குடும்பத்தினர் பெயர்பெற்ற ஆசிரியர்களை வீட்டில் அமர்த்தி, வரக்கூடிய தலைப்புகளுக்குக் கட்டுரைகள் எழுதச் செய்து, அவற்றைத் தம் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்விப்பதைச் சுட்டிக்காட்டி அவர் மனம் வருந்தினார். மூல நூல்களைப் பயிலாதவன் தேறுவதும், பயின்றவன் பின்தள்ளப்படுவதும் நாட்டுக்கே கேடு என்பது அவர் கருத்து. 1905 இல் அப்பரீட்சை முறையே ஒழிக்கப்பட்டது. ஊகத் தலைப்புகள் மட்டும் உலகெங்கும் உயிரோடு இருக்கின்றன.

அமெரிக்க வரலாற்றின் தாயகமாகிய ஐக்கிய அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே உயர்நிலைப் பாடசாலை மாணவர்க்காகக் கல்லூரிச் சபை நடாத்தும் மேல்நிலை அமெரிக்க வரலாற்றுப் பரீட்சைக்கு முன்னர், “இம்முறை அடிமைமுறை ஒழிப்பா? கைத்தொழில் வளர்ச்சியா? ரூஸ்வெல்ற்றின் புதிய திட்டமா?” என்று அந்நாட்டுப் பிள்ளைகளும் பந்தயம் கட்டாத குறையாக ஊகிக்கின்றனர். எனினும் அப்பரீட்சையை அமைத்தோர் இந்நோய்க்கு நல்லதொரு மருந்தும் கண்டனர். 1973 முதல் அங்கே மூலாதார வினா என ஒரு வகை இடம்பெற்று வருகின்றது. இன்றைய அமைப்பின்படி, கடிதம், உரை, சட்டம், கேலிச்சித்திரம் முதலான 7 மூலாதாரங்கள் வினாவுடனேயே மாணவருக்குத் தரப்படுகின்றன. 60 நிமிட நேரத்தில் அவற்றைப் படித்து, யார் எழுதியது, எவருக்காக எழுதியது, எந்நோக்கத்தோடு எழுதியது என ஆராய்ந்து, தன் வாதத்தை மாணவன் நிறுவவேண்டும். தலைப்பு 1754 க்கும் 1980 க்கும் இடையில் எங்கிருந்தும் வரலாம். தலைப்பை முன்கூட்டி ஊகித்தவனும், தரப்பட்ட சான்றுகளைச் சிந்திக்கத் தெரியாதவனாயின் மிகுதியான புள்ளிகளை இழப்பான். மனனத்தின் பிடியைத் தளர்த்த இதனினும் நல்ல வழி அரிது.

எவரும் ஊகிக்காத வினா

நம் பிள்ளைகளின் பாடத்துக்கே மீள்வோம். அமெரிக்க சுதந்திரப் போரைப் பலரும் ஓர் ஆண்டு அட்டவணையாகவே படிக்கின்றனர். 1765 முத்திரைச் சட்டம், 1773 பொஸ்டன் தேநீர் விருந்து, 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனம், 1781 யோர்க்டவுன், 1783 பாரிஸ் உடன்படிக்கை. இவ்வளவும் தெரிந்தால் போதுமென்று ஊக நோட்டீசு சொல்லும். இவற்றை மட்டும் படித்த பிள்ளை, பொஸ்டன் துறைமுகத்திற் கடலில் எறியப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் இலங்கையிலிருந்து போனதோ என மயங்குவதுண்டு. இலங்கையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கத் தொடங்கியதே 1867 இல்தான். பொஸ்டனில் எறியப்பட்டது, கிழக்கிந்தியக் கம்பனி கொண்டு சென்ற சீனத் தேயிலை.

இதோ, எந்த ஊகத்தாளிலும் இடம்பெறாத ஒரு வினா. “அமெரிக்க சுதந்திரப் போருக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் உள்ள தொடர்பு யாது?”

வினாவைக் கேட்டதும் பலர் நகைப்பர். தொடர்பு மெய்யாகவே உண்டு. 1778 இல் பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் சேர்ந்தது. 1780 இன் இறுதியில் பிரித்தானியா ஒல்லாந்தின்மீதும் போர் தொடுத்தது. அந்நாளில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தமையால், போர் இந்து சமுத்திரத்துக்கும் பரவியது. 1782 சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஏப்ரில் 12 இல் பிரெஞ்சுத் தளபதி சுப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் நம் கிழக்குக் கடலிலே மோதினர். அதன் பின்னர் சுப்ரனின் கப்பல்கள் மட்டக்களப்பிலே தங்கிச் செப்பமிட்டுக்கொண்டன. ஓகஸ்ட் இறுதியில் அவர் திருகோணமலையைப் பிடித்தார்; செப்டெம்பர் 3 இல் அதன் எதிரே மீண்டும் ஒரு கடற்போர் மூண்டது. பொஸ்டனிலே வரியின் பெயரால் எழுந்த பூசல், ஒன்பது ஆண்டுகள் கழியுமுன் நம் கரையில் பீரங்கி ஒலியாகக் கேட்டது.

இன்னுமொன்று. சம்மாந்துறை வயல்களுக்கு உயிரூட்டுவது கல்லோயா நீர். தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கியது இவ்வாற்றையே. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, அதற்கென அமைக்கப்பட்ட அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரியாய் அமைந்தது, 1933 இல் ரூஸ்வெல்ற்றின் புதிய திட்டத்தின்கீழ் உருவான தெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையாகும். இங்கினியாகலையில் அணையைக் கட்டிச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கும் பணியைச் செய்ததும் மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனியே. ஆகவே, புதிய திட்டம் என்பது எங்கோ ஒரு தேசத்தின் பழங்கதையன்று. அதன் ஒரு கிளை இவ்வூர்ப் பிள்ளைகள் உண்ணும் சோற்றோடு தொடர்புடையது.

இத்தகைய வினா பரீட்சையில் வாராமலே போகலாம். ஆனால் இதனை ஒருமுறை சிந்தித்த பிள்ளை அமெரிக்க சுதந்திரப் போரை மறவாது. காரணம் கேட்டாலும், விளைவு கேட்டாலும், பிரான்சின் பங்கைக் கேட்டாலும் அது தன் சொந்தச் சொல்லில் விடை எழுதும்.

விலைக்கு வரும் உறுதி

ஊகம் நண்பர்களின் பேச்சாக இருக்கும்வரை பெருந்தீங்கில்லை. அது விற்பனைப் பொருளாகும்போதே நாம் அஞ்சவேண்டியதாகின்றது. “இவ்வினாக்கள் நிச்சயம்” என்னும் சுவரொட்டியைக் கண்டு, அறுவடைக் கூலியிலே மிச்சம்பிடித்த பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து இறுதிநேரச் செமினாருக்கு அனுப்பும் ஏழைத் தந்தையை எண்ணிப் பாருங்கள். அவர் வாங்குவது கல்வியன்று. உறுதி என்ற பெயரில் விற்கப்படும் அதிர்ஷ்டச் சீட்டு.

இதனாலேயே பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு பொதுப் பரீட்சைக்கும் சில நாட்களுக்கு முன்னர் ஓர் அறிவித்தலை விடுக்கின்றது. குறித்த நாளின் நள்ளிரவுக்குப் பின்னர், பரீட்சை முடியும்வரை, மேலதிக வகுப்புகள், கருத்தரங்குகள் நடாத்துதல், மாதிரி வினாக்களையும் எதிர்பார்க்கை வினாக்களையும் அச்சிட்டு வழங்குதல், அவை தம்மிடம் உண்டென விளம்பரஞ் செய்தல் ஆகிய யாவும் தடைசெய்யப்படுகின்றன. 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் பொதுப் பரீட்சைகளின் ஒழுங்கைக் காக்கும் சட்டமாக உள்ளது.

இத்தடை வீணானதன்று என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் காட்டின. உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் 2024 சனவரியில் முன்னரே வெளியாகிவிட்டமையால், அப்பாடத்துக்குப் பெப்ரவரியில் மறுபரீட்சை நடாத்தவேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 15 இல் நடைபெற்ற 5 ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலும் சில வினாக்கள் முன்னரே வெளியாகியிருந்தன. விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்று டிசெம்பர் 31 இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. பத்து வயதுப் பாலகர் தம் பெறுபேற்றுக்கு 2025 சனவரிவரை காத்திருக்க நேர்ந்தது. வினாவை ஊகித்தல் வேறு, வினாவைக் களவாடல் வேறு என்பது உண்மையே. ஆயினும், “என்ன வரும் என்பதைச் சொல்பவனே நல்லாசான்” என்று ஒரு சமுதாயம் நம்பத் தொடங்கினால், களவாடிச் சொல்பவனுக்கும் அங்கே மதிப்புக் கிடைத்துவிடும்.

செல்வாக்கும் நிலபுலமும் இல்லாத வீட்டுப் பிள்ளை மேலேறுவதற்கு இந்நாட்டில் எஞ்சியுள்ள ஏணி பொதுப் பரீட்சையே. சம்மாந்துறையிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துள்ளது. அவ்வழியாற் செல்லும் பாடசாலைப் பிள்ளை தினமும் அதன் வாயிலைக் காண்கின்றது. அவ்வாயிலைத் திறக்கும் சாவி நேர்மையான பரீட்சை ஒன்றே. அதனைத் தேயவிட்டால் முதலில் இழப்பவர் ஏழைகளே.

நல்ல ஊகம்

அவ்வாறாயின் ஊகத்தை முற்றாக ஒழித்துவிடுவதா? வேண்டியதில்லை. அதன் திசையை மாற்றினாற் போதும். “எந்தத் தலைப்பு வரும்?” என்று கேளாமல், “இத்தலைப்பிலிருந்து எத்தனை வகை வினாக்கள் பிறக்கும்?” என்று மாணவர் கேட்கட்டும். முன்னைய கேள்வி பாடத்தைக் குறுக்குகின்றது, பின்னையது விரிக்கின்றது.

நாலைந்து நண்பர் கூடிப் படிக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்க. அதில், ஏன் நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது, என்ன விளைந்தது, வேறெதனோடு ஒப்பிடலாம் என நான்கு வினாக்களைத் தாமே ஆக்குக. ஒருவர் வினாவை மற்றவரிடம் கொடுத்து, பத்து வரிகளில் விடைக் குறிப்பு எழுதச் செய்க. பின்னர் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க. வினா ஆக்கத் தெரிந்தவனுக்கு வினாத்தாள் அச்சம் தராது. கடந்தகால வினாத்தாள்களையும் இம்முறையிற் பயன்படுத்தலாம். எது வந்தது என எண்ணுவதை விடுத்து, எவ்வாறு கேட்கப்பட்டது என நோக்குக. “விளக்குக”, “ஒப்பிடுக”, “மதிப்பிடுக” என்னும் சொற்கள் மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளை வேண்டி நிற்கின்றன.

பெற்றோர்க்கும் ஒரு பணி உண்டு. இரவில் பிள்ளையிடம், “என்ன வருமாம்?” என்று கேட்கும் வழக்கத்தை மாற்றி, “இன்று படித்ததை எனக்குச் சொல்லு மகன், கேட்போம்” என்று அருகில் அமர்த்துங்கள். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். அமெரிக்கர் ஏன் வரிகொடுக்க மறுத்தனர் என்பதை உம்மாவுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளை, அதனைப் பரீட்சகருக்கும் விளங்கும்படி எழுதும். ஆசிரியராகிய நாமும் நட்சத்திரம் இடும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளல் நன்று. நாம் இடும் மூன்று நட்சத்திரம், இடப்படாத பக்கங்களை இருளாக்கிவிடுகின்றது.

பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு, வாழ்க்கை மறுநாளே வேறு வினாக்களை வைக்கத் தொடங்கிவிடும். அவ்வினாத்தாளை முன்கூட்டி அச்சிட்டு விற்பார் எவருமில்லை.